டாப் ஸ்பின்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

டேபிள் டென்னிஸின் அடிப்படை வீச்சுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது பந்தின் மேற்பகுதி முன்நோக்கிச் சுழலுமாறு உரசி அடிக்கும் டாப் ஸ்பினுக்கு இரண்டே வரிகள் ஒதுக்கியிருந்தோம். அது போதாது என்று வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை என்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதும் அவர்களுக்கே கொடுத்துவிட்டோம். விளக்கங்கள் வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இடக்கையால் ஆடுபவர்கள் திசைகளை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் ஆடுகிறேன். எதிராளி ‘கட்’ செய்து அனுப்பும் பந்தை டாப் ஸ்பின் அடித்தால் வலையில் விழுகிறது. அவர் டாப் ஸ்பின் அடித்து வரும் பந்தை நானும் டாப் ஸ்பின் அடித்தால் மேசையைத் தாண்டிப் போய்விடுகிறது. இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் கையை வீசுகிறேன். எங்கே தவறு?
— மாணவர், காரிமங்கலம்

எங்கே தவறு என்று கேட்பதற்கு முந்தைய வரியிலேயே பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். இரண்டுக்கும் ஒரே வீச்சு என்பதுதான் கோளாறு. வரும் பந்து எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைப் பார்த்த பிறகே வீச்சின் திசையையும் மட்டையின் சாய்வையும் முடிவு செய்ய வேண்டும்.

‘கட்’ செய்யப்பட்ட பந்து, அதாவது மேற்பகுதி பின்நோக்கிச் சுழலும் பேக் ஸ்பின் பந்து, உங்களை நோக்கி வரும்போது உங்களுக்கு முகம் காட்டும் அதன் பரப்பு கீழிருந்து மேலாக நகர்ந்துகொண்டிருக்கிறது. அசையாமல் நிற்கும் மட்டையின் மீது அது பட்டால் ரப்பர் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அந்த உராய்வு பந்தைக் கீழே தள்ளும். பந்து வலைக்குப் போகும். டாப் ஸ்பின் பந்தில் இதற்கு நேர்மாறாக உங்களுக்கு எதிரே உள்ள பரப்பு மேலிருந்து கீழாக நகர்வதால், மட்டையில் பட்டவுடன் பந்து மேலே எகிறும். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு தோல்விகளுக்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி, பலரும் கவனிக்காத ஒரு செய்தி. பேக் ஸ்பின்னாக வரும் பந்தை நீங்கள் கீழிருந்து மேலாக உரசும்போது அதன் சுழற்சியை எதிர்க்கவில்லை. அது ஏற்கெனவே சுழலும் பக்கமாகவே அதை இன்னும் வேகமாகச் சுழற்றிவிடுகிறீர்கள். போகும் திசை மாறிவிடுவதால் உங்களிடம் பேக் ஸ்பின்னாக வந்த அதே சுழற்சி, எதிராளியிடம் டாப் ஸ்பின்னாகப் போய்ச் சேர்கிறது. ஆகவே ‘கட்’ பந்தை மெதுவாக, ஆனால் நன்றாக உரசி அடித்தாலே சுழற்சி கனமாக இருக்கும். டாப் ஸ்பின் பந்துக்கு டாப் ஸ்பின்னால் பதில் சொல்லும்போது அந்தச் சலுகை கிடையாது. வரும் சுழற்சியை நிறுத்தி எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டியிருப்பதால் வீச்சுக்கு வேகம் தேவை.

நடைமுறைக்கு வருவோம். ‘கட்’ பந்துக்கு வலக்காலைச் சற்றுப் பின்னே வைத்து, முழங்கால்களை மடக்கி, உடல் எடையை வலக்காலில் ஏற்றி, இடுப்பை வலப்பக்கம் திருப்புங்கள். மட்டை ஏறத்தாழ முழங்கால் உயரம்வரை இறங்கட்டும். அதன் முகம் நேராகவோ மிகச் சிறிதளவே கவிழ்ந்தோ இருக்கட்டும். பந்து உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும் நேரத்தில், உடலுக்கு வலப்புறம் சற்று முன்னால், மேல்நோக்கி உரசி, கை நெற்றிக்கு அருகே வந்து நிற்குமாறு வீச்சை முடியுங்கள். தூக்கும் வேலையின் பெரும்பங்கைக் கால்கள்தாம் செய்ய வேண்டும். காலை மடக்காமல் தோளை மட்டும் உயர்த்துகிறவர்களுக்குப் பந்தும் ஏறாது, நாளடைவில் தோளும் வலிக்கும்.

டாப் ஸ்பின் பந்துக்கு மட்டை இடுப்பு உயரத்துக்குக் கீழே போகத் தேவையில்லை. அதன் முகத்தை மேசைப் பக்கமாக நன்றாகக் கவிழ்த்து, பந்தின் மேற்பகுதியைத் தொட்டு, வீச்சை மேல்நோக்கி அல்லாமல் முன்நோக்கிக் கொண்டுசெல்லுங்கள். முதலில் பயமாக இருக்கும். இவ்வளவு கவிழ்த்தால் பந்து வலையில்தான் விழும் என்று மனம் சொல்லும். அவ்வாறு விழுவதில்லை, ஏனெனில் வரும் சுழற்சியே அதைத் தூக்கிவிடுகிறது.

எதிராளியின் பந்தில் சுழற்சி எவ்வளவு என்று எப்படி அறிவது என்பது உங்களது அடுத்த கேள்வியாக இருக்கலாம். அவருடைய முகத்தைப் பார்க்காமல் மட்டையைப் பாருங்கள்: அது மேலிருந்து கீழே எவ்வளவு விரைவாக இறங்கியது, பந்தை மெல்ல உரசியதா அல்லது முட்டியதா என்பதைக் கவனியுங்கள். பந்தின் மீதுள்ள அச்சு முத்திரை பறக்கும்போதும் கண்ணுக்குத் தெரிந்தால் சுழற்சி குறைவு; மங்கிய கறையாகத் தெரிந்தால் அதிகம். ‘கட்’ செய்வதுபோல் காட்டிவிட்டுச் சுழற்சியில்லாத வெறும் பந்தை அனுப்பும் கெட்டிக்காரர்கள் எந்த ஊர்ப் போட்டியிலும் இருப்பார்கள். அவர்களைப் பிடிக்க இந்த முத்திரைதான் உதவும்.

ஓசூரில் நன்றாகப் போகும் என் டாப் ஸ்பின், சென்னையில் ஆடியபோது வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கீழே இறங்குவதுபோல் தோன்றியது. இது என் கற்பனையா? டாப் ஸ்பின் பந்து ஏன் வளைந்து இறங்குகிறது?
— தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

முழுக்கக் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. டாப் ஸ்பின் பந்தின் மேற்பரப்பு முன்நோக்கிச் சுழன்று எதிர்க்காற்றை முட்டுகிறது. கீழ்ப்பரப்பு காற்றோடு ஒத்துப்போகிறது. இதனால் பந்தைக் கடந்து செல்லும் காற்று பின்னால் மேல்நோக்கித் திருப்பப்படுகிறது. காற்று மேலே போவதற்கு ஈடாகப் பந்து கீழே தள்ளப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜெர்மானிய அறிவியலாளர் மாக்னஸின் பெயரால் இதை மாக்னஸ் விளைவு என்கிறார்கள். டேபிள் டென்னிஸ் பந்தின் எடை 2.7 கிராம்தான் என்பதால், மற்ற ஆட்டப் பந்துகளைவிட இதில் காற்றின் ஆட்சி அதிகம்.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெப்பநிலை ஒன்றாக இருந்தால், அங்குள்ள காற்று சென்னைக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு அடர்த்தி குறைந்ததாக இருக்கும். சென்னையின் வெயில் அந்த வேறுபாட்டிலும் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஆகவே பந்து சென்னையில் சற்றுக் கூடுதலாக வளையும் என்பது உண்மை. ஆனால் அதைவிட, மேசை வேறு, பந்து வேறு, கூடத்தின் ஈரப்பதம் வேறு என்பவையே உங்கள் ஆட்டத்தை அதிகமாகப் பாதித்திருக்கும் என்று கருதுகிறேன். வெளியூர்ப் போட்டிக்கு அரை மணி நேரம் முன்னதாகச் சென்று, அங்குள்ள மேசையிலேயே பயிற்சி செய்துகொள்வது நல்லது.

இந்த வளைவு எதற்குப் பயன்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மேசையின் நீளம் 2.74 மீட்டர், வலையின் உயரம் 15.25 சென்டிமீட்டர். மேசை மட்டத்திலிருந்து சுழற்சியின்றி வேகமாக அடிக்கும் பந்து, வலையை உரசாமலும் மறுமுனையைத் தாண்டாமலும் போவதற்கு இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. சுழற்சி கொடுத்தால், வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் போகும் பந்தும் வளைந்து மேசைக்குள் இறங்கிவிடும். பாதுகாப்பாக வேகமாக அடிப்பதற்கான வழிதான் டாப் ஸ்பின். காணொளிகளைப் பார்த்து அதை வெறும் பலத்தின் வெளிப்பாடாக நினைத்துக்கொள்ளும் இளைஞர்கள் பந்தை உரசுவதை விட்டுவிட்டு முட்டுகிறார்கள்; பிறகு பந்து ஏன் வெளியே போகிறது என்று வியக்கிறார்கள்.

எங்கள் ஊரில் உடன் ஆட ஆள் கிடைப்பது அரிது. டாப் ஸ்பினைத் தனியாகப் பழக முடியுமா?
— கல்லூரி மாணவி, பென்னாகரம்

உரசலைத் தனியாகப் பழகலாம். ஆட்டத்தைப் பழக முடியாது. மேசையின் முனைக்கு அருகே நின்று, இடக்கையால் பந்தை உங்கள் பக்கத்துத் தரையில் விழவிடுங்கள். அது எழும்பி மீண்டும் இறங்கும்போது, முழங்காலை மடக்கி, மட்டையால் மேல்நோக்கி உரசி மறுபக்கம் அனுப்புங்கள். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ‘டக்’ என்ற ஓசை வந்தால் பந்து ரப்பரைத் தாண்டி மரத்தை முட்டியிருக்கிறது என்று பொருள்; சன்னமான ‘சர்க்’ ஒலியோடு பந்து புறப்பட்டால் ரப்பர் அதைப் பிடித்து உரசியிருக்கிறது. மேசையின் மறுபக்கத்தில் விழுந்த பந்து எழும்பாமல் முன்னே பாய்ந்து ஓடுகிறதா என்றும் பாருங்கள். பேனாவால் பந்தின் நடுவே சுற்றிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுழற்சி நேராக இருக்கிறதா, பக்கவாட்டில் சாய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

உடன் ஆட ஒருவர் வாரத்தில் ஒரு நாள் கிடைத்தாலும், அன்று புள்ளி வைத்து ஆடி நேரத்தைப் போக்காதீர்கள். ஒரு வாளி நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு அவரை ஒவ்வொன்றாகக் ‘கட்’ செய்து அனுப்பச் சொல்லி, நீங்கள் தூக்கிப் பழகுங்கள். அவருக்கு ஆட்டமே தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் தம்பி தங்கை இருந்தால் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

கடையில் வாங்கிய ஆயத்த மட்டையில் டாப் ஸ்பின் வரவில்லை. ரப்பரை மட்டும் மாற்றினால் போதுமா? சைக்கிள் பங்க்சர் சொல்யூஷனால் ஒட்டிக்கொள்ளலாம் என்று நண்பர் சொல்கிறார்.
— கிரானைட் பட்டறைத் தொழிலாளி, பர்கூர்

முதலில் ரப்பர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பந்தை ரப்பரின் மீது லேசாக அழுத்தி உருட்டும்போது அது வழுக்கிக்கொண்டு போனால், எவ்வளவு திறமையாக உரசினாலும் சுழற்சி பிறக்காது. ஆனால் மாற்றுவதற்கு முன் ஒருமுறை கழுவிப் பார்க்கச் சொல்வேன். உங்கள் பகுதியில் கல் தூள் எங்கும் படிந்திருக்கும். பந்து அதைத் தரையிலிருந்து எடுத்து ரப்பரில் பூசிவிடும். சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய ஸ்பாஞ்சால் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் துடைத்து, உலர்ந்தபின் பிளாஸ்டிக் தாளால் மூடி உறையில் வையுங்கள். சட்டையில் துடைப்பது கூடாது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஒட்டிக்கொள்ளும். மார்கழிக் காலையில் ரப்பர் குளிரால் விறைத்துப் பிடிப்புக் குறைந்திருக்கும் என்பதால், ஆட்டத்துக்கு முன் மட்டையைக் கம்பளி உறைக்குள் வைத்திருப்பதும் பயனுள்ளது.

கழுவியும் வழுக்கினால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆயத்த மட்டைகள் பலவற்றில் ரப்பரைக் கிழிக்காமல் பிரித்தெடுப்பது கடினம். மரமும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். எனவே ஐந்தடுக்கு மரத்தால் ஆன தனிப் பிளேடு (ரப்பர் ஒட்டாத வெறும் மட்டை) ஒன்றும், மேல்தாளுக்கு அடியில் 1.8 அல்லது 2 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் அடுக்கு உள்ள ரப்பர் இரண்டும் வாங்குவதே நெடுநாள் நோக்கில் சிக்கனம். ஸ்பாஞ்ச், மேல்தாள், பசை மூன்றும் சேர்ந்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. கார்பன் இழை வைத்த விலையுயர்ந்த பிளேடுகள் பந்தை விரைவாகத் துப்பிவிடுவதால், உரசிப் பழகும் நிலையில் அவை உதவியைவிட உபத்திரவமே அதிகம் செய்யும்.

நண்பரின் யோசனையை மறந்துவிடுங்கள். அத்தகைய பசையில் உள்ள கரைப்பான் ஸ்பாஞ்சை உப்பவைத்து வேகம் கூட்டும் என்பதால், ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர்களே அதைப் பயன்படுத்தினார்கள். அந்த ஆவி உடலுக்குக் கேடு என்பதால் சர்வதேசப் போட்டிகளில் 2008இல் தடை செய்யப்பட்டுவிட்டது. நீர்க்கலவைப் பசைதான் இப்போது முறையானது.

ஷரத் கமலைப் போல மேசையிலிருந்து பின்னே தள்ளி நின்று டாப் ஸ்பின் அடிக்கவே எனக்குப் பிடித்திருக்கிறது. பயிற்சியாளர் முன்னே வரச் சொல்கிறார்.
— மாணவர், பாலக்கோடு

பயிற்சியாளர் சொல்வதைக் கேளுங்கள். 2006இல் மெல்போர்னிலும் 2022இல் பர்மிங்காமிலும் காமன்வெல்த் ஒற்றையர் தங்கத்தை வென்ற சென்னைக்காரரான ஷரத் கமல், எட்டித் தள்ளி நின்றும் பந்தைக் கொல்லும் ஃபோர்ஹேண்ட், அதாவது உள்ளங்கைப் பக்கத்து வீச்சு, கொண்டவர். அதற்கான உயரமும் கால் வலிமையும் அவருக்கு உண்டு. அதே சென்னையைச் சேர்ந்த சத்தியன் மேசையை ஒட்டி நின்று, குறுகிய வீச்சால் விரைவாகத் திருப்புவதில் பெயர் பெற்றவர். பள்ளி மாணவர் ஒருவர் பார்த்துப் பழக வேண்டியது இரண்டாமவரின் ஆட்டம் என்பது என் கருத்து. பின்னே செல்லச் செல்ல நீங்கள் காக்க வேண்டிய பரப்பு விரிகிறது. எதிராளிக்கும் யோசிக்க நேரம் கிடைக்கிறது.

எதிராளியின் மட்டையில் ஒரு பக்கம் நீளமான முளைகள் உள்ள ரப்பர் இருக்கிறது. நான் எவ்வளவு பலமாக டாப் ஸ்பின் அடிக்கிறேனோ, அந்த அளவுக்கு என் அடுத்த பந்து வலையில் விழுகிறது.
— வங்கி ஊழியர், ஊத்தங்கரை

காரிமங்கலம் மாணவருக்குச் சொன்ன பதிலையே இங்கே தலைகீழாகப் படிக்க வேண்டும். சாதாரண ரப்பர் பந்தைப் பிடித்து அதன் சுழற்சியை மாற்றுகிறது. நீண்ட முளைகள் வளைந்து கொடுப்பதால் பிடிப்பதில்லை. உங்கள் பந்தின் சுழற்சி பெரும்பாலும் அப்படியே இருக்க, திசை மட்டும் திரும்புகிறது. உங்களிடமிருந்து டாப் ஸ்பின்னாகப் போனது உங்களிடமே பேக் ஸ்பின்னாகத் திரும்பி வருகிறது. நீங்கள் கொடுத்த கடனே வட்டியில்லாமல் வந்து சேர்கிறது என்பதால், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆகவே பலமான டாப் ஸ்பின்னுக்கு அடுத்து வருவதைக் கனமான ‘கட்’ என்றே எண்ணி, ஒன்று தூக்கி உரசுங்கள் அல்லது மெதுவாகத் தள்ளிவிடுங்கள். மற்றொரு வழி, முளைப் பக்கத்துக்குச் சுழற்சியே இல்லாத பந்தை அனுப்புவது. அதை எதிராளியால் அதிகம் செய்ய முடியாது, எழும்பி வரும் பந்தை நீங்கள் அடித்து முடிக்கலாம். இந்தியாவின் மணிகா பத்ரா தம் பேக்ஹேண்டில், அதாவது புறங்கைப் பக்கத்தில், இந்த வகை ரப்பரை வைத்துக்கொண்டுதான் 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்றார். அவர் ஆட்டத்தின் நடுவே மட்டையைச் சுழற்றிப் பக்கம் மாற்றுவார். உங்கள் எதிராளியும் அப்படிச் செய்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரு பக்கங்களும் வெவ்வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்ற விதி நம்மைப் போன்றவர்களைக் காப்பதற்காகவே இருக்கிறது.

என் மகளுக்கு ஒன்பது வயது. இப்போதே டாப் ஸ்பின் கற்றுத்தரலாமா?
— இல்லத்தரசி, அரூர்

ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் இரண்டிலும் சாதாரண வீச்சில் இருபது முப்பது பந்துகள் தொடர்ந்து ஆட அவளால் முடிந்தால், தாராளமாகத் தொடங்கலாம். மேசையின் உயரம் எல்லோருக்கும் 76 சென்டிமீட்டர்தான் என்பதால், சிறு பிள்ளைகளுக்குப் பந்து மார்பளவில் வரும். தோளைத் தூக்கி அடிக்கும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். எனவே பேக்ஹேண்டிலிருந்து தொடங்குவது நல்லது. முழங்கையை அச்சாக வைத்து, மணிக்கட்டை உட்புறம் மடக்கி, உடலுக்கு முன்னால் பந்தை உரசி விரிக்கும் வீச்சு அது. அதற்குப் பலம் அதிகம் தேவையில்லை. கை வலிக்கிறது என்று அவள் சொன்னால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

நான் 38 மில்லிமீட்டர் பந்தில், 21 புள்ளி ஆட்டம் ஆடியவன். ஓய்வு பெற்ற பிறகு மீண்டும் மட்டையைத் தொட்டால் என் டாப் ஸ்பின்னில் பழைய கடி இல்லை. வயதுதான் காரணமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி

வயதின் மீது முழுப் பழியையும் போட வேண்டாம், ஐயா. 2000ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பந்து 40 மில்லிமீட்டராக்கப்பட்டது; அடுத்த ஆண்டு ஆட்டம் 11 புள்ளிகளாகக் குறைந்தது; 2014 முதல் செல்லுலாய்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பந்துகள் வந்தன. பெரிய பந்து காற்றில் அதிகம் தடைப்படுகிறது. அதே வீச்சில் முன்போல் சுழல்வதும் இல்லை. புதிய பந்தின் மேற்பரப்பும் மட்டையில் வேறு விதமாகப் பிடிக்கிறது.

நீங்கள் ஆசிரியர் என்பதால் வரலாற்றையும் ஒரு வரி சேர்க்கிறேன். 1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்து ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். பந்து மட்டையில் படும் ஓசைகூடக் கேட்காததால் எதிராளிகள் திணறினார்கள். ஸ்பாஞ்சும் ரப்பரும் சேர்ந்த மட்டைகள் பரவிய பிறகே, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானியர் இன்றைய டாப் ஸ்பின்னுக்கு வடிவம் கொடுத்தார்கள். அதன்பின் சுழற்சியைக் கட்டுக்குள் வைக்கவே விதிகள் திரும்பத் திரும்ப மாறி வந்திருக்கின்றன.

மணிக்கட்டின் சுண்டலை மட்டும் நம்பிய அந்தக் கால வீச்சுக்கு இன்றைய பந்து கட்டுப்படாது. இடுப்பைத் திருப்பி, முன்கையை விரைவாக மடக்கி, வீச்சைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். பந்து உச்சிக்கு வரும்போதே தொட்டுவிட்டால் குனியும் வேலையும் குறையும். முழங்கால் ஒத்துழைக்காத நாட்களில் ‘கட்’ பந்தைத் தூக்க முயலாமல் தள்ளிவிட்டு, எழும்பி வரும் பந்துக்காகக் காத்திருங்கள்; இளைஞர்கள் பொறுமையிழந்து அதை விரைவிலேயே கொடுத்துவிடுவார்கள்.